பொட்டு வைக்கத் தெரியாதவன்

விமான மாதிரி கட்டுகிறவர்கள் புதிதாகச் சேருகிறவனுக்கு ஒரு புத்தி சொல்வார்கள்: ஜப்பான்காரனின் விமானத்தில் தொடங்கு. ஜேர்மன் விமானத்தில் சிலுவைக்குள் சிலுவை, உடம்பெல்லாம் புள்ளி. பிரித்தானிய விமானத்தில் வளையத்துக்குள் வளையம், வாலில் மூன்று நிறப் பட்டை, பக்கத்தில் ஆளுயர எழுத்து. அமெரிக்க விமானத்தின் மூக்கில் அரைகுறை உடுப்போடு ஒரு பெண். மாமியார் இருக்கிற வீட்டில் அதை எந்த மேசையில் வைத்து ஒட்டுவது? ஜப்பான்காரனுக்கு வெறும் சிவப்பு வட்டம். இறக்கைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு, உடலின் இரு பக்கமும் ஒவ்வொன்று. வட்டத்துக்குத் தலைகீழ் கிடையாது, இடம் வலம் கிடையாது. இதிலும் ஒருவன் சொதப்புவதென்றால் அவனுக்குத் தனித் திறமை வேண்டும்.

எனக்கு அது வாய்த்திருந்தது. இத்தனைக்கும் நான் வட்டத்தோடு பழகாதவன் அல்ல. கண்டி நகரில் ஒரு வங்கியில் காலை முதல் மாலை வரை வட்ட முத்திரை குத்துவதுதான் என் பிழைப்பு. அது கொஞ்சம் கோணினாலும் ஒருவரும் கேட்பதில்லை. கையெழுத்தின் ஓரத்தைத் தொட்டிருந்தால் காசு கைமாறிவிடும். வீட்டில் கதை வேறு.

பெட்டி ஸ்காபரோவிலிருந்து வந்தது. மனைவியின் தமையன் மகன், கனடாவில் யாரோ வீடு மாறும்போது முற்றத்தில் பரப்பி விற்ற சாமான்களுக்குள் அதைக் கண்டெடுத்து, "மாமாவுக்குப் பிளேன் விருப்பம்" என்று பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து விட்டான். அதே இடத்தில் இன்னும் சில சொக்லேட் பைகள் வந்திருக்கலாம் என்பது வீட்டாரின் கணக்கு. அந்தக் கணக்கு இன்றுவரை தீர்க்கப்படவில்லை. பெட்டிக்குள் இருந்தது ஹசெகாவா கம்பனியின் பழைய சீரோ, ஜப்பானியக் கடற்படையின் போர்விமானம். 72-இல் ஒரு பங்கு அளவு. உண்மைச் சீரோவின் இறக்கை நுனிக்கு நுனி 12 மீற்றர். என்னுடையது 16.7 சென்ரிமீற்றர், ஒரு சாணுக்கும் குறைவு. செய்த இடம் ஷிசுவோக்கா மாகாணம். தமியா, ஹசெகாவா, அவோஷிமா, புஜிமி என்று மாதிரி விமானம் கட்டுகிறவன் காலையில் எழுந்து கும்பிட வேண்டிய பெயர்களெல்லாம் அந்த ஒரே மாகாணத்தில்தான் இருக்கின்றன. மரவேலைக்குப் பேர்போன இடம். தமியாவே 1946-இல் மரக்காலையாகத் தொடங்கிய கம்பனிதான். மரப் பொம்மை செய்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறியது.

இந்தப் பொழுதுபோக்கு எனக்கு நாற்பதைத் தாண்டித்தான் வந்தது. அதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. 2007 மார்ச்சில் புலிகளின் சிறிய விமானம் கட்டுநாயக்காவில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய நாட்களில், கண்டியில் வாடகை வீட்டில் இருக்கும் தமிழன் ஒருவன் பையைத் திறந்து "இது விமானத்தின் இறக்கை, சேர், இரவில் வீட்டில் வைத்து ஒட்டுகிறேன்" என்று எந்தச் சோதனைச் சாவடியில் சொல்லியிருக்க முடியும்? சில பொழுதுபோக்குகளுக்குச் சமாதானம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வேறு ஊர்களில் முத்திரை சேர்க்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியாது.

பெட்டியின் மேல்மூடியில் பேர்ல் ஹார்பர். உள்ளே கிடந்த, அடையாளங்களை ஒட்டும் டெக்கால் தாளிலும் பேர்ல் ஹார்பர். எந்தக் கம்பனியின் சீரோவைத் திறந்தாலும் முதலில் கிடைப்பது 1941 டிசம்பர் 7 அன்று பறந்த விமானத்தின் அடையாளங்கள்தான். எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல். அன்று அந்த விமானங்களை ஏற்றிச் சென்ற அதே கப்பல்கள் நான்கு மாதம் கழித்து நம் வீட்டு வாசலுக்கே வந்தன. அக்காகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாக்கு, சுயிகாக்கு; காகா மட்டும் பழுதுபார்க்கப் போயிருந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அந்தப் பெயரைக் கேட்டால் இன்று எல்லோருக்கும் 2019 தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்பும் கொழும்புக்கு ஒரு கெட்ட உயிர்த்த ஞாயிறு இருந்தது. காலைப் பூசை நேரத்தில் நூற்றிருபதுக்கு மேற்பட்ட விமானங்கள் வந்தன. அவற்றில் 36 சீரோ. தலைமை தாங்கி வந்தவரும் பேர்ல் ஹார்பருக்குத் தலைமை தாங்கிய அதே புச்சிடா. துறைமுகத்திலும் இரத்மலானையிலும் குண்டு விழுந்தது. அங்கொடை மனநல மருத்துவமனையிலும் விழுந்தது. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலை விமான ஓடுபாதையாக மாற்றி பிரித்தானியர் ஹரிக்கேன் போர்விமானங்களை நிறுத்தியிருந்தது மட்டும் வந்தவர்களுக்குத் தெரியாது. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கடலுக்குள் போனது. இவ்வளவும் நடந்திருக்கிறது. ஷிசுவோக்காவில் தாள் அச்சடிக்கிறவருக்கு மட்டும் ஹவாய்தான் கண்ணில் படுகிறது.

"அதே பிளேன், அதே கப்பல் எண்டால் அடியிலை 'கொழும்பு' எண்டு எழுதி வைச்சால் முடிஞ்சுது தானே, அப்பா" என்றாள் மகள். பதினாலு வயதில் சரித்திரம் இவ்வளவு லேசாக இருக்கிறது. இந்த அடையாளங்களின் இலக்கணத்தை அவளுக்கு விளக்கினேன். உடலின் பின்பகுதியில் ஒரு சிவப்புப் பட்டை இருந்தால் அக்காகி, இரண்டு சிவப்பென்றால் காகா. ஒரு நீலம் சோர்யு, இரண்டு நீலம் ஹிர்யு. ஒரு வெள்ளை ஷோகாக்கு, இரண்டு வெள்ளை சுயிகாக்கு. வாலில் முதல் எழுத்து எந்தப் பிரிவு என்று காட்டும், அடுத்தது அந்தப் பிரிவில் எந்தக் கப்பல் என்று காட்டும், பிறகு விமானத்தின் எண். பேர்ல் ஹார்பர் நாளில் அக்காகியின் சீரோக்களை நடத்திச் சென்ற இத்தாயாவின் வாலில் இருந்தது ஏ-ஐ 155.

"ஏ.ஐ.யோ? அப்ப அதை மனுசர் ஓட்டேல்லையே?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. குசினிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

நிறம் பற்றிய வழக்கு இதைவிட மோசம். அந்தக் காலத்துச் சீரோ வெள்ளையா, சாம்பலா, பச்சை கலந்த சாம்பலா, பழுப்பு படிந்த சாம்பலா என்று உலகம் முழுவதும் வளர்ந்த ஆண்கள் பல பத்தாண்டுகளாகச் சண்டை பிடிக்கிறார்கள். ஜப்பானியர் அந்த நிறத்துக்கு 'அமே' என்ற தங்கள் மிட்டாயின் பெயரை வைத்திருக்கிறார்கள். உடைந்து விழுந்த விமானங்களின் தகட்டிலிருந்து சுரண்டி எடுத்த பூச்சை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து நீளநீளமாக எழுதியிருக்கிறார்கள். நான் இரண்டு சாம்பலையும் ஒரு பழுப்பையும் கலந்து, துளி பச்சை விட்டு, ஒரு தகட்டில் பூசி, மனைவியிடம் நீட்டினேன். "எங்கட குசினிச் சுவர்" என்றாள் உடனே. அறுபது வருட ஆராய்ச்சி ஒரு பக்கம், இந்த மூன்று சொல் ஒரு பக்கம். போய்ச் சுவரோடு வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய அதுதான். அதற்குப் பிறகு நான் யாரிடமும் நிறம் கேட்பதில்லை.

இனி வட்டத்துக்கு வருவோம். டெக்கால் என்பது வீட்டார் நினைப்பதுபோல ஸ்டிக்கர் அல்ல. தாளின் மேல் நீரில் கரையும் பசை; பசையின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலம்; படலத்தின் மேல் மை. கைச்சூட்டு நீரில் அரை நிமிடம் ஊறினால் பசை இளகும், படலம் தாளை விட்டு நழுவும். நழுவுகிற நேரத்தில் அதை இறக்கையின் மேல் இறக்கி, தூரிகை நுனியால் இடத்துக்கு நகர்த்தி, நீரை ஒற்றி எடுக்க வேண்டும். புதுத் தாள் என்றால் இவ்வளவுதான். என் தாளுக்கு என் கல்யாணத்தை விட வயது அதிகம். படலம் முழுவதும் மஞ்சள் பூத்திருந்தது.

மஞ்சள் வெளுக்க ஒரு வைத்தியம் உண்டு. தாளைப் பொலித்தீன் பைக்குள் போட்டு வெயில் படும் யன்னலில் சில நாள் ஒட்டி வைத்தால் வெளுத்துவிடும். இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் கண்டியில் குடியிருந்தவர் அல்ல என்பது மட்டும் நிச்சயம். இங்கே மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால், அது ஓய்ந்த கையோடு ஒக்டோபரில் பின்னேர இடிமழை, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வடகீழ் மழை. உடுப்பே காயாத ஊரில் டெக்கால் எங்கே வெளுக்கும்? மாசி பிறந்து நல்ல வெயில் எறித்ததும் யன்னலை அகலத் திறந்து, வெளிப்பக்கக் கண்ணாடியில் பையை ஒட்டிவைத்தேன். எங்கள் வீடு உடவத்தகெலே காட்டின் ஓரம். அந்தக் காட்டுக் குரங்குகளுக்கு எங்கள் வீட்டில் என்னைவிட அதிக உரிமை. ஒன்று வந்து பையை உரித்து, முகர்ந்து, ஒரு மூலையைக் கடித்துப் பார்த்து, ஜப்பானியப் பேரரசின் கடற்படை அடையாளங்களைக் கொய்யா மரத்தில் போட்டுவிட்டுப் போனது. தடியோடு தாளை மீட்டேன். வால் எண்களில் பல் பட்டிருந்தது. வட்டங்கள் தப்பியிருந்தன.

தப்பியதும் வீண். மனைவியின் தேநீர்த் தட்டு ஒன்றில் நீர் எடுத்து முதல் வட்டத்தை ஊறவைத்தேன். அது தாளை விட்டு அழகாக நழுவியது. நழுவி, தட்டின் நடுவில் மிதந்து, சுட்ட அப்பளம் போலத் துண்டு துண்டாகப் பிரிந்தது. பழைய டெக்கால் இப்படித்தான். படலம் காய்ந்து உயிர் விட்டிருக்கும். நீரில் போடுமுன் மேலே ஒரு தடவை வார்னிஷ் பூசியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் எப்போதும் பிறகுதான் சொல்கிறார்கள். தட்டைப் பார்த்த மகள், "சூரியன் அஸ்தமிச்சிட்டுது" என்றாள்.

இனி என்ன செய்வது என்று படுக்கையறையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் அந்த அட்டை கண்ணில் பட்டது. சிவப்பு. வட்டம். பின்பக்கம் பசை. சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக. தமிழ்ப் பெண்களின் நெற்றிக்காக யாரோ ஒரு புண்ணியவான் அச்சடித்து வைத்திருக்கும் அந்த ஒட்டுப்பொட்டு அட்டையை இத்தனை வருடம் தினமும் பார்த்திருக்கிறேன். அது 72-இல் ஒரு பங்கு அளவில் ஜப்பானியக் கடற்படைக்கான உதிரிப்பாகம் என்று அன்றுதான் தெரிந்தது.

அட்டையில் ஒரே அளவில் ஆறு கிடையாது. அதனால் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் ஒரு அலங்காரப் பொருள் கடைக்குப் போய், கண்ணாடி போட்ட நடுவயது ஆணாகத் தனியாக நின்று, அட்டை அட்டையாக எடுத்து அளவுகோலால் பொட்டின் விட்டத்தை அளந்தேன். விற்பனைப் பெண்பிள்ளை சிங்களத்தில் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், தெரியாததுபோல் நின்றேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், சாமிக்கு விளக்கு வைக்கும் நேரம். சாமணத்தால் முதல் பொட்டை உரித்து இடது இறக்கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் மாமி.

"தம்பி, உது என்ன செய்யிறியள்?"

"ஜப்பான் விமானம், மாமி. 1942-இலை கொழும்பிலை குண்டு போட்டது."

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட அப்பு அப்ப கொழும்பிலை கிளாக்கர். குண்டு விழுந்தவுடனை உடுத்த உடுப்போடை ரயிலேறி ஊருக்கு ஓடி வந்தவர். சனம் கூரையிலையும் இருந்து வந்ததாம்" என்றார். அந்த ஓட்டம் உண்மை. அந்த ஏப்ரலில் சனம் கூட்டம் கூட்டமாகக் கொழும்பை விட்டு ஓடியது. மாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "எங்கட அப்புவைத் துரத்தின பிளேனுக்கோ நீங்கள் இருந்து பொட்டு வைக்கிறியள்?"

அதோடு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மாமிக்குப் பயந்து மட்டுமல்ல. ஒட்டுப்பொட்டின் மேல் வெல்வெட். அரை மில்லிமீற்றர் தடிப்பு என்று வைத்துக்கொண்டாலும் 72-ஆல் பெருக்கினால் 36 மில்லிமீற்றர். நெற்றியில் அது அழகு. இறக்கையில் அது மூன்றரைச் சென்ரிமீற்றர் கனத்தில் சிவப்புக் கம்பளம். அப்படியொரு விமானம் கப்பலை விட்டே கிளம்பாது. மனைவியின் நகப்பூச்சுப் போத்தல் மேலும் ஒரு கணம் கண் போனது. அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தின்னும். போத்தல் குறைந்ததைக் கண்டால் மனைவி என்னைத் தின்பாள். வைத்துவிட்டேன்.

மருமகனுக்குச் செய்தி போட்டேன். அவன் புதுத் தாள் ஒன்றை வாங்கிக் கடித உறைக்குள் வைத்து அனுப்பினான். இதுதான் டெக்காலின் பெரிய குணம்: விமானத்துக்குச் சுங்கம் உண்டு, சூரியனைக் கடிதத்தில் அனுப்பலாம். உறைக்குள் சொக்லேட்டும் வைத்திருக்கலாமே என்று வீட்டில் ஒரு கருத்து எழுந்தது.

புதுத் தாளில் ஆறு வட்டத்தோடு இன்னொரு கூட்டமும் வந்தது. இறக்கையின் மேல் எங்கே மிதிக்கக் கூடாது, எங்கே தள்ளக் கூடாது என்று விமானப் பணியாளருக்கு எழுதிவைத்த எச்சரிக்கை எழுத்துகள். தூசியா எழுத்தா என்று தெரியாத அளவு. அதில் ஒன்று என் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு, இரவுச் சோறு வரை என்னோடு இருந்தது. எந்த நேரத்தில் பிரிந்தோம் என்று தெரியாது. இதற்கு நேர்மாறாக, எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகளை ஏற்றும் ஒரு வான் இருக்கிறது. ஜப்பானில் பழசாகி இங்கே புதுசாக வந்தது. பக்கவாட்டில் ஏதோ ஒரு கம்பனியின் பெயர் ஜப்பானிய எழுத்தில் அப்படியே இருக்கிறது. சாரதி அதை உரிப்பதாக இல்லை. அசல் ஜப்பான் சாமான் என்பதற்கு அதுதான் சாட்சி. கண்டி மழை அதில் ஓர் எழுத்தைக்கூட அசைக்கவில்லை. அந்த வானைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

டெக்கால் வழவழப்பான பரப்பில்தான் ஒட்டும். மங்கலான பூச்சு, கண்ணுக்குத் தெரியாத கரடுமுரடு. அந்தக் குழிகளில் காற்று சிக்கிக்கொண்டால் படலத்தின் அடியில் வெள்ளி பூத்ததுபோல மினுங்கும், ஸ்டிக்கர் ஒட்டியது ஊருக்கே தெரியும். ஆகவே முதலில் மினுங்கும் வார்னிஷ், பிறகு டெக்கால், கடைசியில் மங்கல் வார்னிஷ். மழைநாளில் இந்த வார்னிஷ் இன்னொரு வேடிக்கை காட்டும். அதிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும்; ஈரக்காற்றின் நீர் அதில் படியும்; பூச்சு பாலாடை கட்டியதுபோல வெளுத்துப்போகும். இதற்காக என் விமானத்தை அரிசி ட்ரம்முக்குப் பக்கத்தில், குசினியின் சூட்டில் காயவைக்கும் உரிமையைக் கேட்டுப் பெற்றேன். பெற்றது ஒரு நிபந்தனையோடு: தேங்காய் துருவித் தர வேண்டும். துருவினேன்.

வட்டம் இறக்கையின் கோடுகளுக்குள்ளும் மேடுகளுக்கும் படிந்து அமர வேண்டுமென்றால் அதை இளக்க ஒரு திரவம் உண்டு. அமெரிக்காவில் ஒன்று, ஜப்பானில் ஒன்று விற்கிறார்கள். தபாலில் எளிதில் வராது. சில திரவங்களின் வாசனையே உண்மையைச் சொல்லிவிடும்: வினாகிரி. வெள்ளை வினாகிரியில் நீர் கலந்தால் வேலை நடக்கும் என்று மாதிரி கட்டுகிறவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். குசினியில் ஒரு போத்தல் இருந்தது. அதைத் தூரிகையால் தொட்டு வட்டத்தின் மேல் தடவினேன். அது மெல்லச் சுருங்கியது. பதறாமல் விட்டால் திரும்ப விரிந்து கோட்டுக்குள் இறங்கும். விரலால் அமுக்கினால் கிழியும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கல்யாணத்தின்போது கற்றுக்கொண்ட நிலை அது. சுருக்கம் விரிந்தது. இறக்கையின் கோடு சிவப்பின் ஊடாகக் கூர்மையாக எழுந்தது. பூச்சா, ஒட்டா என்று சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒழுங்கான வேலைகளில் ஒன்று அது. கூப்பிட்டுக் காட்ட ஆள் தேடினேன்.

ஆள் தானாகவே வந்தாள். "வினாகிரிப் போத்தல் எங்கை?" ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அச்சாறு போட வெட்டிவைத்த வெங்காயம், கொச்சிக்காய், பப்பாசிக்காய் எல்லாம் குசினியில் காத்துக்கொண்டிருந்தன. போத்தலை நீட்டினேன். அதற்குள் தூரிகை நின்றது. தூரிகையில் சிவப்பு நின்றது. அந்த ஞாயிறு அச்சாறு இல்லாமல் கழிந்தது. விருந்தினரிடம் காரணம் விவரமாகச் சொல்லப்பட்டது. நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

வட்டங்கள் ஆறும் ஏறின. வலது இறக்கையின் மேல்வட்டம் மட்டும் ஒரு நூலளவு வெளியே. பார்த்தால் தெரியாது, தெரிந்துகொண்டு பார்த்தால் வேறெதுவும் தெரியாது. இதற்கு நான் ஒரு சட்ட ஆதாரம் வைத்திருக்கிறேன். 1870-இல் ஜப்பான் அரசு தன் கப்பல் கொடிக்கு அளவு நிர்ணயித்தபோது, வட்டத்தை நடுவிலிருந்து கம்பத்தின் பக்கம் கொடி நீளத்தில் நூற்றிலொரு பங்கு தள்ளி வைக்கச் சொன்னது. அதைச் சரியாக நடுவுக்குக் கொண்டுவந்தது 1999-இல் வந்த சட்டம்தான். போர் நடந்த காலம் முழுவதும் கொடியிலேயே வட்டம் நடுவில் இல்லை. என்னுடைய இறக்கை அந்த மரபின்படி இருக்கிறது. இந்த வாதத்தை வீட்டில் சொன்னேன். "கொடியைச் சொல்லுறியள், இது இறக்கையெல்லோ" என்றாள் மனைவி. அவள் சட்டம் படித்திருக்கலாம்.

சமரசத்துக்காக ஒரு ஞாயிறு எல்லோரையும் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் நோக்கத்தில் கொஞ்சம் கள்ளம் இருந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்து வைத்தது அந்தத் தோட்டத்துக்குள்தான். ராஜபனை வரிசைக்கும் மூங்கில் புதருக்கும் இடையில் இருந்துகொண்டுதான் பர்மாப் போரை நடத்தினார்கள். அவர் குடியிருந்தது கண்டியில், தலதா மாளிகைக்குக் கிட்டே இருக்கும் ராஜ மாளிகையில். பெரிய புல்வெளியில், குடைபோல் கவிழ்ந்த ஆலின் கீழ் பாயை விரித்துச் சோற்றுப் பொதியைப் பிரிக்கும்போது நான் தொடங்கினேன்.

பிரித்தானிய விமானத்தின் வளையத்தில் நடுவில் இருப்பது சிவப்பு. இறக்கையின் மேற்பக்கம் என்றால் நீல வளையத்துக்குள் பெரிய சிவப்பு வட்டம், வெள்ளையே கிடையாது. மணிக்கு ஐந்நூறு கிலோமீற்றரில் பறக்கிற ஒருவன் கண்ணிமைக்கும் நேரத்தில் பார்க்கும்போது நீலம் மறைந்து சிவப்புத்தான் நிற்கும். சிவப்பென்றால் ஜப்பான்காரன். சுட்டுவிடுவான். தங்கள் ஆளைத் தாங்களே சுடாமலிருக்க 1942-இல் அமெரிக்கர் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் புள்ளியை அழித்தார்கள். அவுஸ்திரேலியர் அழித்தார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த பிரித்தானிய விமானங்களிலும் சிவப்பை மூடிப் பூசினார்கள். பிறகு கடும் நீலம், உள்ளே வெளிர் நீலம் என்று இரண்டு நீலத்தோடு நின்றது. இந்திய விமானப்படையும் போர் முடியும்வரை அந்த நீலத்தைத்தான் சுமந்தது. அதுவும் போதாதென்று தண்டர்போல்ட் விமானங்களின் மூக்கிலும் இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டை போட்டார்கள்.

"யோசிச்சுப் பாரும்," என்றேன், "மூன்று வல்லரசு. ஆயிரக்கணக்கான விமானம். எல்லாரும் தங்கட சொந்தச் சிவப்பை அழிச்சுப்போட்டு ஒதுங்கி நிண்டது எதுக்காக? இந்த ஒரு வட்டத்துக்காக."

"மூன்று வல்லரசும் ஒதுங்கின சாமானைத்தான் நீங்கள் எங்கட சாப்பாட்டு மேசையிலை வைச்சிருக்கிறியள்" என்றாள் மனைவி, கத்தரிக்காயைப் பரிமாறிக்கொண்டு.

கதையை மாற்றினேன். 1944-இல் அமெரிக்க உளவுத்துறையின் கண்டிக் கிளையில் ஜூலியா என்றொரு உயரமான பெண் இரகசியக் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். படமும் வரைபடமும் போடும் பிரிவில் இருந்த போல் சைல்ட் என்பவரை இங்கேதான் சந்தித்தார். பிற்பாடு பிரான்சுக்குப் போய்ச் சமையல் படித்து, 1961-இல் புத்தகம் எழுதி, அமெரிக்காவுக்கே சமைக்கக் கற்றுக்கொடுத்த ஜூலியா சைல்ட் அவர்தான் என்று சொன்னேன். இது நிச்சயம் எடுபடும் என்று நினைத்தேன். எடுபட்டது.

"பாத்தியளே. கண்டியிலை இருந்து போர் வேலை பாத்தவவே அதை விட்டிட்டுக் குசினிக்குள்ளை வந்திட்டா. நீங்கள் எப்ப வாறியள்?"

மேலே மரங்களில் தொங்கிய வௌவால்கள் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. தலைமையகம் இருந்த காலத்திலும் அவை இப்படித்தான் கூட்டங்களைக் குழப்பியிருக்கும்.

சீரோ இப்போது சாப்பாட்டறைக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. தேநீர்க் கோப்பைகளுக்கும் மாமியின் வெள்ளிக் குத்துவிளக்குக்கும் நடுவில் அதற்குக் கிடைத்த இடம் சரியாக அரை விரற்கிடை குறைவு. நல்லவேளையாக, அந்த மாதிரிச் சீரோவின் இறக்கை நுனிகள் கப்பலின் மின்தூக்கிக்குள் இடிபடாமலிருக்க, பக்கத்துக்கு அரை மீற்றர் மேலே மடியும்படி செய்யப்பட்டிருந்தன. என்னுடையதையும் வெட்டி மடித்து ஒட்டிவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் உடைந்துவிட்டதா என்று கேட்கிறார்கள்.

அடுத்தது என்ன என்ற கேள்வி வந்தபோது, வட்டமே இல்லாத ஒரு ஜப்பான் விமானம் இருந்தது என்று சொன்னேன். 1945 ஆகஸ்ட் 19 அன்று சரணாகதி பேசப் போன ஜப்பானியக் குழு, அமெரிக்கத் தளபதி மக்ஆதரின் உத்தரவுப்படி, விமானம் முழுவதும் வெள்ளையடித்து, சிவப்பு வட்டத்தை மறைத்துப் பச்சைச் சிலுவை வரைந்துகொண்டு இயே ஷிமா தீவில் வந்து இறங்கியது. இரட்டை இயந்திரம் பூட்டிய இரண்டு 'பெட்டி' குண்டுவீச்சு விமானங்கள்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தாள். "உது நல்லாயிருக்கு. வெள்ளை எண்டால் மழையிலை வெளுத்தாலும் தெரியாது. சிலுவைக்கு ஸ்டிக்கரும் வேண்டாம், வினாகிரியும் வேண்டாம், டேப் ஒட்டிப் பூசலாம்." படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "சரணடைய வந்த பிளேன் எண்டால் இந்த வீட்டிலை வைக்கலாம்."

மருமகனுக்குச் செய்தி போயிற்று. சொக்லேட்டும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். 'பெட்டி'யின் இறக்கை 25 மீற்றர், 72-இல் ஒரு பங்கென்றால் 35 சென்ரிமீற்றர், அது மடியாது. குத்துவிளக்கு நகராது என்று மாமி அறிவித்திருக்கிறார்.